ஏணியடிச் சாப்பாடு

இந்தக் காலத்தில் எவனுக்கும் சாப்பிடத் தெரியவில்லை என்பது பெருசின் தீர்மானமான கட்சி. உட்கார்ந்து, பிசைந்து, வாய் நிறைய அள்ளிப் போட்டு, கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்கிற ஆளைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. ஒருத்தன் நின்றுகொண்டே கொறிக்கிறான். ஒருத்தன் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வாயைத் தேடுகிறான். இன்னொருத்தன் பாதியை வைத்துவிட்டு எழுந்து போகிறான்; கேட்டால் வயிறு சரியில்லை என்கிறான், டாக்டர் சொன்னார் என்கிறான். டாக்டர் சொன்னாராம். டாக்டரா வந்து இரும்பு தூக்கப் போகிறார்?

ஆகாசம் ஏணியடியில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் பெருசு இடுப்பில் கைவைத்துக் காவல் நின்றார்.

"அள்ளிப் போடு மாப்ள. என்னமோ மாத்திரை முழுங்குற மாதிரி முழுங்கிட்டிருக்க."

"எறங்கல மச்சான்."

"எறங்காம எங்க போகும்? வாய்க்குக் கீழ தொண்டை, தொண்டைக்குக் கீழ வயிறு. நடுவுல செக்போஸ்ட்டா வெச்சிருக்கான்?"

கையுறை மாட்டிக்கொண்டிருந்த லோடுமேன்கள் சிரித்தார்கள். ஆகாசமும் சிரித்தார். சிரிப்போடு சேர்ந்து ஒரு ஏப்பம் வந்தது. அழுகின முட்டையின் நாற்றம். பக்கத்தில் இருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனான்.

"நேத்து ராத்திரி தின்னதே இன்னும் இங்கதான் உக்காந்திருக்கு," என்றார் ஆகாசம், நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்து.

"நேத்துத் தின்னது நேத்தோட போச்சு. இன்னிக்குச் சோத்தைத் தின்னு. எனக்கு டிபன் டப்பா காலியாகணும்."

இரும்புத் தகடும் கம்பியும் வந்து இறங்குகிற கிடங்கு அது. தகரக் கூரைக்குக் கீழே, ஷெட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன். அதன் வயிற்றில் தொங்கும் கண்ணாடிப் பெட்டிதான் கேபின். பெருசின் தங்கை புருஷன் அதற்குள் காலையில் ஏறினால் சாயந்திரம்தான் இறங்குவார். நடுவில் இறங்க விடமாட்டார்கள். கீழே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒன்றுக்குப் போவதற்குக்கூட ஒரு பழைய எண்ணெய் கேன்தான். அதனால்தான் ஆகாசம் என்று பேர். சொந்தப் பேர் சம்பளம் வாங்குகிற அன்றைக்கு மட்டும்தான் அவருக்கே ஞாபகம் வரும்.

பெருசு கீழே நின்று கைகாட்டுகிறவர். உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் இறக்கு, மேலே விரித்து ஆட்டினால் ஏற்று, முஷ்டியை மடக்கிக் காட்டினால் நில். அவர் நிற்கிற இடம் எப்போதும் கொக்கிக்குப் பக்கம். ஒரு லாரிச் சுமைத் தகடு அவர் தலைக்கு மேலேதான் போகும், வரும்.

ஏணியடிச் சாப்பாடு பெருசே போட்ட சட்டம். போன மழைக்காலத்தில் ஒரு நாள் கொக்கி தானாகத் தாழ்ந்து வந்து தூணை உரசி நின்றது. மேலே ஆகாசத்துக்குத் தலை சுற்றல். சர்க்கரைக்காரர், இருபது வருஷத்துக்கு மேலாக ஊசி போடுகிறவர், அன்றைக்கு வயிறு கும்மென்று இருக்கிறது என்று டப்பாவைத் திறக்காமலே ஏறியிருந்தார். வெறும் வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டு ஏறினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மறுநாள் பெருசு ஏணியை மறித்து நின்றார். "தின்னுட்டு ஏறு. தின்னதை நான் பார்க்கணும். உன் கொக்கிக்குக் கீழ நிக்கிறவன் நான்." மேஸ்திரிக்கும் அது பிடித்துப்போயிற்று. பெருசு சரி சொன்னால்தான் ஏணி என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஆகாசம் தூணுக்குப் பின்னால் போய்ச் சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டு வந்துதான் சாப்பிட உட்காருவார். இப்போது கடைசி வாயைத் தண்ணீர் ஊற்றி உள்ளே தள்ளினார். டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். ஒன்றும் விழவில்லை.

"ம். ஏறு."

பாதி ஏணியில் ஆகாசத்தின் இடதுகால் செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. அவர் நிற்கவில்லை, குனிந்து பார்க்கவுமில்லை. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமையாகவும் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்.

"மாப்ள! செருப்பு!"

ஆகாசம் தன் காலைப் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது போல. "மரத்துப் போச்சு மச்சான். இருக்கட்டும், கீழயே வைங்க."

பெருசு செருப்பை எடுத்து ஏணியடியில் வைத்தார். அவர் பிடரியில் சில்லென்று ஏதோ ஊர்ந்தது. மழைக்காலத்திலிருந்து தினமும் காலையில் அது ஊர்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

*

ஆகாசத்தின் கை எப்படி இருக்கிறது என்று பெருசுக்குக் கொக்கியில் தெரியும். நல்ல நாளில் கொக்கி நேராக இறங்கி, தகட்டுக் கட்டுக்கு ஒரு சாண் மேலே வந்து, அசையாமல் நிற்கும். சங்கிலி மாட்டுகிறவன் கையை நீட்டினால் போதும். கொஞ்ச நாளாக அப்படி இல்லை. காலையில் ஏறின கொஞ்ச நேரத்திலேயே கொக்கிக்கு ஒரு நடுக்கம் வருகிறது. பிறகு மதியத்துக்கு மேல் சரியாகிவிடுகிறது. சாப்பிட்டவுடன் நடுங்குவானேன், பசிக்கிற நேரத்தில் சரியாவானேன்? பெருசு அதை மனசுக்குள் போட்டு உருட்டிப் பார்த்தார். சோறு பத்தவில்லை என்றுதான் பட்டது.

அன்று சாயந்திரம் தங்கை வீட்டுக்குப் போனார். ஒற்றை அறை, அதிலேயே தடுப்பு வைத்துச் சமையல். ஆகாசம் சுவரோரம் குப்புறப் படுத்திருந்தார். தங்கை அண்ணனைக் கையைப் பிடித்து வெளியே குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்குண்ணே. இன்னிக்கு விடிகாலைல வாந்தி எடுத்தாரு. நேத்துக் காலை டப்பாவுல பட்டாணி போட்டுக் குடுத்தேன். முழுசு முழுசா வந்து விழுது. நேத்துக் காலைல தின்னது! ஒரு ராத்திரி முழுக்க வயித்துல கெடந்துட்டு அப்படியே வருதுன்னா உள்ள என்னண்ணே இருக்கு?"

"மெல்லாம முழுங்கியிருப்பான்."

"உள்ள ஏதோ கட்டி வளந்திருக்குண்ணே. அதான் அடைக்குது. நாலு வாய்ல வயிறு கல்லு மாதிரி ஆயிடுது. ஆளைப் பாருங்க, தோள்பட்டை கொடிக்கம்பி மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது."

"சர்க்கரை எவ்வளவு காட்டுது?"

"அதுதான் கூத்து. சாப்பிட்டதும் பாத்தா எறங்கிக் கெடக்கு. ஒண்ணும் சாப்பிடாம ராத்திரி பாத்தா எக்கச்சக்கமா ஏறிக் கெடக்கு. கம்பெனி டிஸ்பென்சரி டாக்டர்கிட்ட காட்டினோம். ஏறியிருக்குன்னு ஊசியை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லிட்டாரு."

"மெஷின் கிறுக்குப் பிடிச்சுப் போச்சு. தின்னா எறங்குமா, பட்டினி கெடந்தா ஏறுமா? எவனாவது கேட்டா சிரிப்பான். ஒண்ணு பண்ணு. காலைல இன்னும் ஒரு கரண்டி சேத்து வை. ஊசியைக் கூட்டினா சோத்தையும் கூட்டணும். அவ்வளவுதான் கணக்கு."

தங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பெரியாஸ்பத்திரிக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போகலாமாண்ணே?"

"போனா லீவு போடணும். லீவு போட்டா ஏன்னு கேப்பான். போன தடவை கண்ணு மங்கலா இருக்குன்னு சொன்னானே ஒரு கிரேன்காரன், என்ன ஆச்சு? மறுநாளே வேற ஆளு. இதோ இங்கதான் எங்கயோ பழைய பேப்பர் எடுத்துட்டுத் திரியறான்."

உள்ளேயிருந்து ஆகாசத்தின் குரல் வந்தது. "மேஸ்திரிகிட்ட மட்டும் ஒண்ணும் சொல்லிடாதீங்க மச்சான்."

"நான் ஏன்டா சொல்றேன்?"

மறுநாள் டப்பா கனமாக இருந்தது. மூடி சரியாக மூடவில்லை.

*

அது நடந்த அன்றைக்குக் காலையில் ஆகாசம் அந்தக் கனத்த டப்பாவை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் ஏறினார். பெருசு கிட்டவே நின்று பார்த்தார். நடுவில் ஆகாசம் இரண்டு முறை வாயைப் பொத்தினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. "போதும் மச்சான், காலைப் பிடிச்சுக் கேக்கறேன்," என்றார். "என் காலைப் பிடிக்காத, டப்பாவைப் பிடி," என்றார் பெருசு. லோடுமேன்கள் சிரித்தார்கள். டப்பா கவிழ்ந்தது. ஒன்றும் விழவில்லை.

முதல் லாரி நிரம்பிப் போனது. இரண்டாவது லாரிக்குத் தகட்டுக் கட்டு மேலே எழும்பியது. லாரியின் மேல் ஒரு லோடுமேன், கட்டு இறங்குகிற இடத்தில் கட்டை போடக் குனிந்து நின்றான். கட்டு லாரியை நோக்கி நகர்ந்தது. பெருசு முஷ்டியைக் காட்டினார்.

கட்டு நிற்கவில்லை.

பெருசு மறுபடி முஷ்டியைத் தூக்கிக் காட்டினார். விசிலை ஊதினார். கேபின் கண்ணாடிக்குப் பின்னால் ஆகாசத்தின் முகம் தெரிந்தது. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. ஆனால் பார்வை அவரைத் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. கை லிவரின் மேல் அப்படியே கிடந்தது.

"மாப்ள! நிறுத்து! டேய் நிறுத்துடா!"

கட்டு போய்க்கொண்டே இருந்தது. அவசரமில்லாமல், ஒரே சீராக, லாரியின் மேல் குனிந்திருந்தவனின் முதுகை நோக்கி. எல்லாரும் கத்தினார்கள். அவன் திரும்பிப் பார்ப்பதற்குப் பதிலாக, என்ன கத்தல் என்று பக்கத்தில் நின்ற டிரைவரைப் பார்த்தான்.

பெருசு ஓடினார். மெயின் சுவிட்ச் ஷெட்டின் கடைசித் தூணில் இருந்தது. ஓடி வருஷக்கணக்காயிற்று. முதுகுக்குப் பின்னால் கத்தல் ஏறிக்கொண்டே போனது. கட்டு இடிக்கிற சத்தம் இப்போது கேட்கும், இப்போது கேட்கும் என்று காது காத்திருந்தது. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினார். அது கீழே வந்தது. ஷெட்டின் விளக்கெல்லாம் அணைந்தது. கிரேன் பிரேக் பிடித்து முனகி நின்றது.

கட்டு மட்டும் நிற்கவில்லை. போன வேகத்தில் ஒரு வீச்சு வீசி, லாரிமேல் இருந்தவன் தலைக்குப் பக்கத்தில் போய், திரும்பி வந்து, மறுபடி போனது. அவன் லாரித் தளத்திலேயே குப்புற விழுந்து கிடந்தான். அவனை யாரோ காலைப் பிடித்து இழுத்தார்கள்.

ஏணியில் முதலில் ஏறினது பெருசுதான். யாரும் சொல்லவில்லை. மேலே போகப் போக ஒரு நாற்றம் வந்தது. கேபின் கதவைத் திறந்தார். ஆகாசம் வேர்வையில் முங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. உதடு ஏதோ சொல்லப் பார்த்தது, குழறியது. மடியிலும் காலடியிலும் வாந்தி. பெருசு அதைப் பார்த்தார். காலையில் தன் கண்ணெதிரே உள்ளே போன சோறு. பருக்கை பருக்கையாக, கரையாமல், இப்போதுதான் டப்பாவிலிருந்து கொட்டியது போல.

"சர்க்கரை குடுங்க பெருசு, சர்க்கரை!" கீழேயிருந்து கத்தினார்கள். டீக்கடைக்காரர் கொடுத்த பொட்டலம் கைமாறி மேலே வந்தது. பெருசு அள்ளி ஆகாசத்தின் வாயில் திணித்தார். கன்னத்தின் உட்புறமெல்லாம் அப்பினார். கொஞ்சம் உள்ளே போனது, பிறகு திரும்பி வந்தது. மறுபடி அப்பினார். "முழுங்குடா. முழுங்கித் தொலைடா மாப்ள," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மூட்டையை இறக்குகிற மாதிரித்தான் ஆகாசத்தைக் கீழே இறக்கினார்கள். செருப்பு இரண்டும் நடுவில் எங்கோ விழுந்தன.

*

பெரியாஸ்பத்திரியில் கையில் குளுக்கோஸ் ஏற ஏற ஆகாசத்தின் கண் ஆளை அடையாளம் கண்டது. "லாரிமேல யாரு?" என்பதுதான் முதல் பேச்சு. "நல்லாத்தான் இருக்கான், படுத்துக்க," என்றார் பெருசு.

டாக்டரம்மா சின்ன வயசு. நின்றுகொண்டே பேசுகிற அவசரம். ஆனாலும் தங்கை சொன்னதையெல்லாம் நடுவில் வெட்டாமல் கேட்டாள். பட்டாணி, ஏப்பம், நாலு வாயில் நிறைகிற வயிறு, தின்றால் இறங்கிப் பட்டினியில் ஏறுகிற சர்க்கரை. கேட்டுவிட்டு, குழாய் விட்டுப் பார்த்தோம், கட்டி எதுவும் இல்லை என்றாள். தங்கை அப்படியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப என்னம்மா?"

"நரம்பும்மா. சர்க்கரை ரொம்ப வருஷமா கூடிக்கூடி இருந்தா நரம்பு கெட்டுப்போகும். கால்ல உணர்ச்சி இல்லன்னு சொல்றாரு பாருங்க, செருப்பு கழண்டா தெரியறதில்லன்னு. அதே மாதிரி வயித்துக்குப் போற நரம்பும் கெட்டிருக்கு. வயிறு சும்மா பை கிடையாது. அது அரைச்சு அரைச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடலுக்குத் தள்ளணும். தள்ளுன்னு சொல்ற நரம்பு செத்துட்டா சோறு அங்கயே கெடக்கும்."

"ஊசி?" என்றார் ஆகாசம்.

"ஊசி அது நேரத்துக்கு வேலை செய்யும். அதுக்கு வயித்துக்காகக் காத்திருக்கத் தெரியாது. சோறு மேலயே கெடக்கு, ஊசி ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இறக்கிடுது. அதான் சாப்பிட்டதும் மயக்கம். அப்புறம் ராத்திரி சோறு மெதுவா எறங்கும்போது சர்க்கரை ஏறுது. ஏறுதேன்னு டோஸைக் கூட்டியிருக்காங்க. காலைல இவ்வளவு சாப்பிடச் சொன்னது யாரு?"

தங்கை தரையைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றார் பெருசு. "தின்னாத்தானே தெம்பு?"

"இவருக்கு நேர்மாறு ஐயா. ஒரே தடவைல நிறைய சாப்பிட்டா ஆபத்து. ஒரு கப்பு, அரைக் கப்பு, கஞ்சி மாதிரி குழைவா, அஞ்சாறு தடவையா பிரிச்சுச் சாப்பிடணும். எண்ணெய், நார் எல்லாம் குறைக்கணும். ஊசி போடுற நேரத்தையும் அளவையும் நாங்க மாத்தித் தர்றோம். சரியாகற வரைக்கும் மேல ஏறக்கூடாது. அதுக்கப்புறமும், வேலைக்கு நடுவுல அடிக்கடி சாப்பிட விடணும்."

"மேல கேபின்லம்மா இவரு," என்றாள் தங்கை. "காலைல ஏறினா சாயந்திரம்தான் இறங்குவாரு."

"இறங்க விடச் சொல்லுங்க. இல்ல, கொஞ்சம் மேல எடுத்துட்டுப் போக விடட்டும்," என்றாள் டாக்டரம்மா, அது ரொம்பச் சின்ன விஷயம் போல. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

வராந்தாவில் தங்கை அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். "கேட்டீங்களாண்ணே?"

"கேட்டேன். கால்ல நரம்பு இருக்கு, சரி. கிள்ளினா வலிக்கும், நடந்தா நடக்கும். வயித்துக்கு என்னத்துக்கு நரம்பு? அது என்ன எழுந்து நடக்கப்போகுதா? கட்டின்னு சொன்னா கண்டுபிடிச்சு அறுக்கணும். நரம்புன்னு சொல்லிட்டா எவனும் பாக்க முடியாது. நல்லா இருக்கு பொழப்பு."

"அப்ப அந்தச் சோறு ஏண்ணே கரையாம வந்துச்சு?"

கேபினில் பார்த்த அந்தப் பருக்கைகள் பெருசின் கண்ணுக்குள் வந்தன. தலையை உதறிக்கொண்டார்.

*

விசாரணை என்று கம்பெனி ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறை, ஏசி குளிர். மேஜைக்குப் பின்னால் ஆபீசர், பக்கத்தில் மேஸ்திரி. ஆபீசர் ரொம்ப மரியாதையாக நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்தார். போனை மேஜையில் படுக்க வைத்தார்.

"பயப்படாதீங்க பெருசு. நீங்க சொல்றதைப் பதிவு பண்ணிக்கறேன், அவ்வளவுதான். அன்னைக்கு அவரு சாப்பிட்டுத்தான் ஏறினாரா?"

பெருசு நிமிர்ந்து உட்கார்ந்தார். இவர்கள் எங்கே வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பட்டினியோடு ஏறினான், அவன் கவனக்குறைவு என்று சொல்லத்தான் பார்க்கிறார்கள். அந்த வழியை அடைத்துவிட வேண்டும்.

"வயிறு நெறையச் சாப்பிட்டாரு. கடைசிப் பருக்கை வரைக்கும். நானே கண்ணால பாத்தேன். டப்பாவைக் கவுத்துக் காட்டினாரு. ஒண்ணும் விழல. ஊசியும் போட்டுக்கிட்டாரு. அவர் மேல ஒரு தப்பும் சொல்ல முடியாது."

"நல்லது. நல்லா சாப்பிட்ட ஆளு, ஊசியும் போட்டுக்கிட்ட ஆளு." ஆபீசர் தலையை ஆட்டினார். "ஆஸ்பத்திரில என்னமோ வயித்து நரம்புன்னு சொல்றாங்களாமே. சோறு செரிக்கலை, அதனால மயக்கம்னு. உங்களுக்கு அனுபவம் இருக்கு. நீங்க நம்புறீங்களா?"

பெருசுக்கு நம்பாததை நம்புகிறேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. அதுவும் டாக்டர் விஷயத்தில்.

"அது என்ன நரம்போ, எவன் கண்டான்? வயித்துக்கு ஏதுங்க நரம்பு? அவங்களுக்கு ஒண்ணும் தெரியலன்னா நரம்பும்பாங்க."

ஆபீசர் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை, டீயின் மேல் படிந்த ஆடையை விரலால் எடுத்துக் கொண்டிருந்தார். போன் மேஜையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"டீயைக் குடிங்க பெருசு. ஆறிடும்."

மறுவாரம் ஆகாசத்தையும் தங்கையையும் கூப்பிட்டுப் பேசினார்கள். பெருசு துணைக்குப் போனார். சர்க்கரை மயக்கம் என்றால் பட்டினியில் வரும், வயிறு நிறையச் சாப்பிட்ட ஆளுக்கு வராது என்றார் ஆபீசர். சாப்பிட்ட களைப்பில் தூங்கியிருக்கிறார். தூங்கினவருக்குக் கம்பெனி வைத்தியமும் பார்க்காது, வேலையும் தராது. ஆஸ்பத்திரிக் காகிதத்தைத் தங்கை நீட்டினாள். அவர் அதை வாங்காமல் போனை எடுத்து அழுத்தினார்.

பெருசின் குரல் அந்த அறைக்குள் வந்தது. தன் குரல் இவ்வளவு கரகரப்பு என்று அவருக்கு அதுவரை தெரியாது. *வயிறு நெறையச் சாப்பிட்டாரு. நானே கண்ணால பாத்தேன்.* பிறகு, *வயித்துக்கு ஏதுங்க நரம்பு?* பிறகு ஆபீசரின் சிரிப்பு.

"நான் அதுக்காகவா சொன்னேன்?" பெருசு எழுந்துவிட்டார். "அவன் மேல தப்பு இல்லன்னு சொன்னேன்யா! அதையும் போடு! அதையும் போட்டுக் காட்டு!"

"சொன்னது நீங்கதானே?"

"நான்தான். ஆனா..."

"அவ்வளவுதான்."

ஆகாசம் தங்கையின் கையைப் பிடித்து எழுந்தார். வாசலில் நின்று ஆகாசம் சொன்னார், கோபமே இல்லாமல்: "நீங்க பொய் சொல்லலையே மச்சான். சாப்பிட்டேன்தானே."

திட்டியிருந்தால் பெருசுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

*

அப்புறம் ஒரு காலையில் வேலைக்குப் போகிற வழியில் பெருசு தங்கை வீட்டில் எட்டிப் பார்த்தார். ஆகாசம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, டீ கிளாசில் அரைக் கிளாஸ் கஞ்சியை ஸ்பூனால் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை. அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் மூடி வைத்திருந்தது, அடுத்த வேளைக்கும் அதற்கடுத்த வேளைக்கும்.

"வாந்தி இல்ல மச்சான். தலையும் சுத்தல. டாக்டரம்மா சொன்ன மாதிரியே கொஞ்சம் கொஞ்சமா..."

"வேலைக்குப் போகாம உக்காந்திருந்தா யாருக்குத்தான் தலை சுத்தும்?"

"அப்படி இல்ல மச்சான்."

"ரெஸ்ட்டு. எல்லாம் ரெஸ்ட்டு." பெருசு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க அவ?"

"உங்களுக்குச் சொல்லலையா? உங்க மேஸ்திரிதான் பாவம் பாத்து இன்னிலேர்ந்து அவளுக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்தாரு."

பெருசு கிடங்குக்குப் போனபோது ஏணியடியில் புதுக் கிரேன்காரர் பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடுவயசு, கொஞ்சம் ஊதின முகம். மேஸ்திரி பெருசின் தோளில் தட்டினார். "உங்க சட்டத்தை ஆபீசுலயே ஏத்துக்கிட்டாங்க பெருசு. இனிமே யார் ஏறினாலும் வயிறு நெறையச் சாப்பிட்டுத்தான் ஏறணும். நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

பெருசு ஷெட்டுக்குள் பார்த்தார். கொக்கி தொங்குகிற இடத்துக்கு நேர் கீழே, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, தங்கை குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தகட்டிலிருந்து உதிர்ந்த துருவையும் துண்டுக் கம்பியையும் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இதோ பாருங்க பெருசு." புது ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு டப்பாவைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. "வயிறு கும்முன்னு ஆயிடுச்சு. ஏறலாமா?"

பெருசு காலி டப்பாவைப் பார்த்தார். அந்த ஆளின் முகத்தைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார்.

"ஏறலாமான்னு கேக்கறாரு," என்றார் மேஸ்திரி. "லாரி நிக்குது."

"என்னைக் கேட்டா? நான் என்ன உள்ள பூந்தா பாத்தேன்?"

மேஸ்திரி கையைக் காட்டினார். புது ஆள் ஏணியில் ஏறத் தொடங்கினார். பெருசு கொக்கிக்குப் பக்கத்தில் தான் நிற்கிற இடத்துக்குப் போகவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி, ஷெட்டின் கடைசித் தூணை நோக்கி நடந்தார். "ஓய், அங்கிருந்து கை காட்டினா மேல தெரியுமா?" என்று மேஸ்திரி பின்னாலிருந்து கேட்டார். நரம்பாம், என்று முணுமுணுத்தபடி பெருசு நடந்துகொண்டே இருந்தார். தூணடியில் போய் நின்று, மெயின் சுவிட்சின் கைப்பிடியில் ஒரு கையை வைத்து, மறுகையைத் தலைக்கு மேலே தூக்கினார்.